செத்த திமிங்கிலத்தில் எத்தனையாவது பந்தி நடக்கிறது? வீடியோ பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

ஆழ்கடலில் செத்துக் கிடக்கும் திமிங்கிலத்தின் வீடியோ வந்தால் பாதிப் பேர் சுறா கடித்து இழுப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது வெறும் முதல் பந்தி. யார் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்தால், சடலம் விழுந்து எவ்வளவு காலமாகிறது என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

முதலில் ஆழத்தைப் பாருங்கள், பெரும்பாலும் திரையிலேயே போட்டிருப்பார்கள். ஆழம் குறைவென்றால் அழுகும்போது உண்டாகும் வாயு உடலை ஊதவைத்து மேலே கொண்டுவந்துவிடும். ரொம்ப ஆழத்தில் நீரின் அழுத்தம் அதற்கு இடம் கொடுக்காது, விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

அப்புறம் சதை. ஸ்லீப்பர் சுறா, விலாங்கு போல நெளியும் ஹேக்ஃபிஷ், எலிவால் மீன்கள் இதெல்லாம் மொய்த்தால் முதல் பந்தி. நாளொன்றுக்கு 40 முதல் 60 கிலோ வரை காலியாகும், பெரிய உடம்பென்றால் இரண்டு வருடம்கூட ஓடும்.

சதை தீர்ந்து எலும்பு தெரிகிறதா? இப்போது சுற்றியுள்ள சேற்றைப் பாருங்கள், சிந்திய கொழுப்பு அதில் ஊறியிருப்பதால் புழுக்களும் குட்டி நண்டுகளும் கூட்டமாக இருக்கும், இது இரண்டாம் பந்தி. எலும்பின் மேலேயே சிவப்பு மயிர் முளைத்த மாதிரி ஏதாவது ஆடினால் அது ஒசெடாக்ஸ் புழு. 2002-ல் கலிபோர்னியாவின் மான்டரே கடலடிப் பள்ளத்தாக்கில், 2,891 மீட்டர் ஆழத்தில்தான் முதலில் கிடைத்தது. வாயும் கிடையாது, குடலும் கிடையாது; வேர் விட்டு, அமிலம் சுரந்து, எலும்பைக் கரைத்து உள்ளே இறங்குகிறது. (நாம் பார்ப்பதெல்லாம் பெண் புழுக்கள். ஆண்கள் கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவில் பெண்ணின் குழாய்க்குள் குடியிருக்கின்றன!)

எலும்பு மேல் வெள்ளைப் பாய் விரித்த மாதிரி படலமும் மட்டிகளும் இருந்தால் கடைசிப் பந்திக்கு வந்துவிட்டீர்கள். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் எலும்புக்குள் இருக்கும் எண்ணெயைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது, அதையே எரிபொருளாக வைத்துப் பிழைக்கும் வேறு பாக்டீரியாக்களை மட்டிகள் தங்கள் உடம்புக்குள்ளேயே வளர்க்கின்றன, சூரிய வெளிச்சமே தேவையில்லை. இது பல பத்தாண்டுகள் நீடிக்கும். 1987-ல் கடல் ஆய்வாளர் கிரெய்க் ஸ்மித் குழுவினர் ஆல்வின் நீர்மூழ்கியில் போய் 1,240 மீட்டர் ஆழத்தில் பார்த்த சுமார் 20 மீட்டர் எலும்புக்கூடு இந்த நிலையில்தான் இருந்தது.

சரி, பழக ஒரு வீடியோ வேண்டுமென்றால் 2019 அக்டோபரில் நாட்டிலஸ் ஆய்வுக் கப்பல் கலிபோர்னியா பக்கம் டேவிட்சன் கடலடி மலையருகே எடுத்ததைத் தேடுங்கள். சுமார் 3,200 மீட்டர் ஆழம், மல்லாந்து கிடக்கும் சின்னத் திமிங்கிலம், மேலெல்லாம் ஆக்டோபஸ்கள். கொழுப்பும் மிச்சம் இருக்கிறது, விலா எலும்பில் ஒசெடாக்ஸும் ஏறிவிட்டது. பந்திகள் இப்படிக் கலந்துதான் நடக்கும், ஒன்று முழுசாக எழுந்த பிறகுதான் அடுத்தது என்று கிடையாது. அதனால் ஒரே இடத்தை வைத்து முடிவு கட்டாமல் தலை, விலா, சுற்றியுள்ள சேறு மூன்றையும் தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள்.