ஆண் நாய்க்குட்டிக்குக் கருத்தடை: வேண்டுமா, எப்போது? முடிவெடுக்கும் வழி

முதல் தடுப்பூசிக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதே பேச்சு தொடங்கிவிடும். "ஆறு மாசம் ஆனதும் ஆபரேஷன் பண்ணிடலாம்" என்பார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் அப்பா, "ஆண் குட்டிதானே, அதுவா குட்டி போடப் போகுது? எதுக்குக் காயடிக்கணும்?" என்பார். பக்கத்து வீட்டில், "ஒரு தடவை கிராஸுக்கு விட்டுட்டு அப்புறம் பண்ணுங்க" என்பார்கள். இந்த மூன்று பேச்சிலும் நம் குட்டி எவ்வளவு பெரிதாக வளரும், எங்கே வாழப்போகிறது என்ற விவரமே இல்லை. அதை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும் என்பது எனக்கு இரண்டாவது நாயில்தான் புரிந்தது.

முதல் நாய் மணி, நாட்டு நாய். திருநெல்வேலிக்கு வெளியே எங்கள் வீடு. ஆண் நாய்க்கு ஒன்றும் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். மூன்று வயதில் ஒரு நாள் மதிலைத் தாண்டிப் போனவன் இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பினான். அதற்குப் பிறகு நடந்ததைக் கீழே நான்காம் படியில் சொல்கிறேன். இப்போது இருப்பவன் கருப்பன், லாப்ரடார் கலப்பு. இவனுக்கு ஒவ்வொரு படியாக யோசித்துத்தான் முடிவு செய்தோம். அந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கருத்தடை என்று சொன்னாலும் மனிதர்களுக்குச் செய்யும் வாசக்டமி போல் குழாயை மட்டும் கட்டுவதில்லை. முழு மயக்கம் கொடுத்து, விதைப்பைக்குச் சற்று முன்னால் சிறிதாகக் கீறி, இரண்டு விதைகளையும் எடுத்துவிடுவார்கள். டெஸ்டோஸ்டீரோன் பெரும்பாலும் அங்கேதான் சுரப்பதால் அது கிட்டத்தட்ட நின்றுபோகும். திரும்பப் பெற முடியாது.

எங்கள் அப்பா பயந்ததற்குக் காரணம் வேறு. ஊரில் காளைக்கு இடுக்கி வைத்து நசுக்குவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். மயக்கமும் வலி மருந்தும் கொடுத்துத்தான் செய்வார்கள் என்று விளக்கிய பிறகு பாதிப் பயம் போனது. வீட்டில் யாராவது எதிர்த்தால் முதலில் அவர்கள் மனதில் இருக்கும் காட்சி என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா?

குட்டி பின்னங்கால் விரித்து நிதானமாகப் படுத்திருக்கும்போது மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டு மாத வயதுக்குள் இரண்டும் விதைப்பைக்குள் இறங்கிவிடுவதுதான் வழக்கம். சில குட்டிகளுக்குத் தாமதமாகும். ஆறு மாதம் ஆன பிறகும் ஒன்று காணவில்லை என்றால் அது வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ தங்கிவிட்டது என்று பொருள்.

அப்படியானால் மற்ற படிகளைப் பார்த்து யோசிக்க அதிகம் இல்லை. உள்ளே தங்கிய விதையில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு சாதாரண விதையைவிடப் பல மடங்கு அதிகம். இந்தக் குறை பரம்பரையாகவும் வரும், அதனால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. இரண்டையும் எடுத்துவிடுவதுதான் சரி. எப்போது என்பதை மட்டும் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: வளர்ந்தால் எத்தனை கிலோ?

எல்லாக் குட்டிக்கும் ஆறு மாதம் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

கை கால் எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பருவ வயதில் வரும் ஹார்மோன்கள்தான் அதை மூடச் சொல்கின்றன. அதற்கு முன்பே விதையை எடுத்துவிட்டால் தட்டு தாமதமாக மூடும், கால் எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீளும். சின்ன நாய்க்கு இது பெரிய விஷயமில்லை. முப்பது கிலோ எடையைத் தாங்க வேண்டிய நாய்க்கு இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் பிற்காலத்தில் தொந்தரவு வரலாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் தம்பதியும் அவர்கள் குழுவும் 35 இனங்களை ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக், ஷிட்சூ, டாக்ஸ்ஹண்ட் போன்ற சிறிய இனங்களில் கருத்தடைக்கும் மூட்டு நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ஆண் லாப்ரடாருக்கு ஆறு மாதம் தாண்ட வேண்டும், ஆண் கோல்டன் ரெட்ரீவருக்கு ஒரு வயது தாண்ட வேண்டும், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது வரை பொறுப்பது நல்லது என்பது அவர்கள் பரிந்துரை.

நம் நாட்டு இனங்களான ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த 35-இல் இல்லை. அதனால் எடைக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிறகு 20 கிலோவுக்குள் நிற்கும் நாய் என்றால் ஆறு மாத வாக்கில் செய்யலாம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டுக்குட்டிகள் பலவும் இந்தக் கணக்கில் வரும். அதற்கு மேல் போகும் நாய் என்றால் வளர்ச்சி முடியும்வரை பொறுங்கள். சாதாரணமாக அது 9 முதல் 15 மாதம். கலப்பினக் குட்டியாக இருந்து தாய் தகப்பன் தெரியாவிட்டால் டாக்டரே பாதத்தையும் எடையையும் பார்த்து ஓரளவு சொல்லிவிடுவார். கருப்பன் ஆறு மாதத்திலேயே 19 கிலோ. அதனால் காத்திருந்தோம்.

நான்காம் படி: உங்கள் வாசலுக்கு வெளியே பாருங்கள்

பெண் நாய் சாதாரணமாக வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் போல ஹீட்டில், அதாவது இணை சேரும் பருவத்தில் இருக்கும். அந்த வாசனை காற்றில் வெகுதூரம் வரும். அப்போது ஆண் நாய் சாப்பிடாது, இரவெல்லாம் ஊளையிடும், கேட்டைச் சுரண்டும், சங்கிலியை அறுக்கும். மணி ஐந்தடி மதிலைத் தாண்டியது அப்படி ஒரு வாரத்தில்தான்.

காது கிழிந்து, முன்னங்காலில் கடிபட்டு வந்தான். அதெல்லாம் ஆறிவிட்டது. நான்கு மாதம் கழித்து அவன் படுத்து எழுந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம். சிறுநீரில்தான் பிரச்சினை என்று நினைத்தோம். டாக்டர் தோலை விலக்கிக் காட்டினார், குறியின் அடியில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கட்டி. இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குப் புற்று செல்களே நேரடியாகப் பரவும் நோய் அது. தெருநாய்கள் அதிகம் உள்ள நம் நாட்டில் மிகச் சாதாரணமாகப் பார்க்கலாம். நல்ல வேளை, வின்கிரிஸ்டின் என்ற மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம். குணமாகிவிட்டான். ஆனால் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் இரண்டு நாள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூலையில் கிடந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் மனதில் இருக்கிறது.

ஆகவே நேர்மையாகப் பதில் எழுதுங்கள். மதில் எவ்வளவு உயரம்? கேட்டை யார் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள்? நாயை அவிழ்த்துவிடும் பழக்கம் உண்டா? தெருவில் கருத்தடை ஆகாத பெண் நாய்கள் எத்தனை? அடுக்குமாடியில், கயிறு பிடித்தே வெளியே போகும் நாய்க்கும் தோட்ட வீட்டில் அவிழ்த்துவிட்ட நாய்க்கும் இந்தப் பதில்கள் முற்றிலும் வேறு. தெருநாய்களின் கருத்தடை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று 2023-இல் வந்த மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. வீட்டு நாய்க்கு நாம்தான் பொறுப்பு. நம் நாய் ஓர் இரவு வெளியே போய் வந்தால், 63 நாள் கழித்து எங்கோ ஒரு சாக்கடை ஓரத்தில் ஐந்தாறு குட்டிகள் பிறக்கும்.

ஐந்தாம் படி: எந்தக் குணம் மாற வேண்டும் என்று எழுதுங்கள்

"ஆபரேஷன் பண்ணினா அடங்கிடும்" என்பது பாதி உண்மை. பெண் நாயைத் தேடி ஓடுவது பெரும்பாலான நாய்களில் குறைகிறது. 1976-இல் வந்த ஒரு பழைய ஆய்வில் பத்தில் ஒன்பது நாய்களுக்கு இது குறைந்தது. வீட்டுக்குள் காலைத் தூக்கிச் சிறுநீர் விடுவது, ஆள் மீதோ பொருள் மீதோ இணை சேர்வதுபோல் ஏறுவது, மற்ற ஆண் நாய்களோடு சண்டை ஆகியவை பல நாய்களில் குறையும், எல்லாவற்றிலும் அல்ல.

பட்டாசுக்குப் பயப்படுவது, புது ஆளைக் கண்டு பயந்து கடிக்க வருவது, செருப்பைக் கடிப்பது இவையெல்லாம் மாறாது. பயந்த சுபாவமுள்ள நாய்க்குப் பயம் கூடவும் வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட குட்டி என்றால் அவசரப்படாமல் முதலில் பழக்கப்படுத்துங்கள். நான்கு மாதக் குட்டி தலையணை மேல் ஏறுவது பெரும்பாலும் விளையாட்டு உற்சாகம்தான், அதற்காக ஆபரேஷன் தேவையில்லை. காவல் காக்காது என்ற கவலையும் வேண்டாம். கருப்பன் இப்போதும் பால்காரரை விடுவதில்லை.

ஆறாம் படி: கிராஸ் பற்றி ஒரு முடிவு

ஒரு முறையாவது இணை சேராவிட்டால் வெறி பிடிக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். வெறிநோய் வைரஸால், கடியால் வருவது. அதற்குத் தடுப்பூசிதான் பதில். ஒரு முறை சேர்ந்தால் ஆசை அடங்கிவிடும் என்பதும் இல்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கை மனதார ஏற்கிறேன். உங்களிடம் இருப்பது நல்ல வம்சத்து ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கோம்பையோ என்றால், அவற்றை முறையாகப் பெருக்குபவர்களிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். நம் இனங்கள் நிலைக்க நல்ல ஆண் நாய்கள் வேண்டும். அதிலும் கவனம் தேவை. வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமை வருவது தெரிந்த விஷயம், காது கேட்காத நாயைப் பெருக்கத்துக்கு விடக்கூடாது. மற்றபடி, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் வீடு தேடித் தர உங்களால் முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இதுவரை எழுதிய தாளை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். அது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். மேலே நன்றாக ஓடியாடும் நாய்க்கும் உள்ளே குறைந்திருக்கலாம், அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. கருப்பனுக்கு இப்படித்தான் ஒரு மாதம் தள்ளிப்போனது. உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, தட்டணு சரியான பிறகே தேதி வாங்கினோம்.

மயக்கத்தின்போது கையில் டிரிப் போடுவீர்களா, மூச்சுவிடக் குழாய் வைப்பீர்களா, யார் பக்கத்தில் நின்று கவனிப்பார்கள், வீட்டுக்குப் போக எத்தனை நாளுக்கு வலி மருந்து என்று தயங்காமல் கேளுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டைநாய் என்றால் இனத்தைச் சொல்லுங்கள். கொழுப்பு குறைந்த இத்தகைய உடலில் சில மயக்கமருந்துகள் தெளிய நேரமாகும். பணம் ஒரு கவலை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, எங்கள் ஊர்ப் பக்கம் ராமையன்பட்டி ஆகிய இடங்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள்.

எட்டாம் படி: செய்வதென்று முடிவானால்

முந்தின இரவு முதல் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். சின்னக் குட்டியை நீண்ட நேரம் பட்டினி போடக்கூடாது. அன்று மாலையே பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடலாம். தள்ளாடும், முனகும். மாடிப்படி பக்கம் விடாதீர்கள்.

காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பை 10 முதல் 14 நாள் கழற்றவே கூடாது. பாவம் என்று ஒரு மணி நேரம் கழற்றினால் நக்கித் தையலைப் பிரித்துவிடும். குளிப்பாட்ட வேண்டாம், ஓடவிட வேண்டாம். காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ பூசாதீர்கள். நமக்கு வாங்கிய பாராசிட்டமால், புரூஃபன் எதையும் கொடுக்கக் கூடாது, அவை நாய்க்கு விஷமாகலாம். விதைப்பை சில நாள் லேசாக வீங்கியிருப்பது இயல்பு. வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ சீழ் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்களால் சில வாரங்களுக்குப் பெண் நாய் சினையாக வாய்ப்பு உண்டு, ஆறு வாரம் தள்ளியே வையுங்கள். அப்புறம் சாப்பாடு. உடலுக்குத் தேவைப்படும் ஆற்றல் குறைந்துவிடும், பசி குறையாது. கால் பங்கு போலச் சாப்பாட்டைக் குறைத்து, மாதம் ஒரு முறை எடை பாருங்கள். ஆபரேஷனால் நாய் குண்டாகிவிட்டது என்பார்கள், பெரும்பாலும் தட்டில் விழும் கூடுதல் சோறுதான் காரணம்.

ஒன்பதாம் படி: வேண்டாம் என்று முடிவானால்

இதுவும் நியாயமான முடிவுதான். நார்வேயில் தகுந்த காரணமில்லாமல் வழக்கமாகக் கருத்தடை செய்வதைச் சட்டமே ஏற்பதில்லை. அங்கே நாயை வெளியே தனியாக விடுவதும் இல்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் உயரமான மதில், பூட்டிய கேட், கயிறு பிடித்த நடை மூன்றும் வாழ்நாள் முழுக்க உங்கள் வேலை.

மாதம் ஒரு முறை விதைகளைத் தொட்டுப் பார்த்து, ஒன்று பெருத்தோ கல்போல் இறுகியோ இருந்தால் காட்டுங்கள். ஐந்து வயதுக்கு மேல் பிராஸ்டேட் சுரப்பி பெருப்பது இத்தகைய நாய்களில் சாதாரணம். மலம் கழிக்க முக்குவது, மலம் நாடாப்போல் தட்டையாக வருவது, குறியிலிருந்து ரத்தம் சொட்டுவது ஆகியவை அதன் அடையாளம். அப்படி வந்தால் அந்த வயதிலும் விதைகளை எடுத்துவிட்டால் சில வாரங்களில் சுரப்பி சுருங்கிவிடும்.