பண்டாரவன்னியனாக வேடம் கட்டுமுன்

வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஆங்கிலேயரோடு போட்ட சண்டையை ஊர் மைதானத்தில் நடித்துக் காட்டுவோம் என்று பெடியள் கூடினால், முதலில் வாள் வெட்ட மட்டைதான் தேடுவார்கள். தேட வேண்டியது திகதி.

1803 ஓகஸ்ட் 25இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றான். இரண்டையும் ஒரே காட்சியில் குழைத்து, கடைசியில் வீரனைச் சாகவும் வைப்பதுதான் வழக்கமான பிழை. கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல், தோற்கடித்ததாகத்தான் சொல்கிறது. கொன்றதாக இல்லை. டிறிபேர்க் என்ற பெயரைப் பார்த்து எதிரியை ஒல்லாந்தர் ஆக்கிவிடவும் வேண்டாம். கோட்டை ஒல்லாந்தர் கட்டியது, சரி. 1803இல் உள்ளே இருந்தது ஆங்கிலேயரின் படை.

அப்புறம் காக்கை வன்னியன். காட்டிக்கொடுப்பவன் இல்லாமல் நம் ஆட்களுக்கு நாடகம் ருசிக்காது. ஆனால் போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் கதையிலும் இதே பெயர்க்காரன்தான் காட்டிக்கொடுக்கிறான். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட இருநூறு வருஷம்! அவனை மேடையேற்றுங்கள், தடையில்லை. ‘இது ஊர்க்கதை’ என்று அறிவிப்பாளர் ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.

உடுப்புக்குச் சிலையைப் பார்த்துச் சரிகை தைக்காதீர்கள்; சிலை நம் காலத்தில் வடித்தது. துவக்கைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துத் துவக்கில் படபடவென்று சுட முடியாது. ஒரு வெடி தீர்ந்தால் குழல் வாயால் மருந்து கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்து, பிறகுதான் அடுத்த வெடி. அந்த இடைவெளியில் வாள்காரன் ஓடிவந்துவிடுவான். ஒரு பெடியன் தடியை வைத்துக்கொண்டு அவசர அவசரமாக இடித்துக் காட்டினாலே சனம் மூச்சை அடக்கிப் பார்க்கும்.

நிஜ இடத்தில்தான் நடிப்போம் என்று காட்டுக்குள் இறங்குவது வேறு வில்லங்கம். மிதிவெடி அகற்றி முடியாத காணிகள் வன்னியில் இன்னும் உண்டு. கிராம அலுவலரைக் கேட்காமல் போகாதீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழையை நாங்களே செய்தோம். ஒத்திகையில் பீரங்கிச் சத்தத்துக்குச் சீனவெடி கொளுத்தினோம். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மம்மா பேரப்பிள்ளையை இழுத்து மடிக்குள் அமுக்கிக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். வெடிப்புகை கலைந்த பிறகும் எழும்பவில்லை. 2009இன் கடைசிப் போரை உடம்பில் சுமக்கிற சனத்துக்கு முன்னால் வெடி கொளுத்தலாமா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

அடுத்த ஒத்திகைக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைக் கூட்டிவந்தோம். பீரங்கிக்கு மத்தளத்தில் ஓர் அடி, அவ்வளவுதான். அம்மம்மாவும் வந்திருந்தார், இந்த முறை கடைசி வரிசையில். மத்தளம் கேட்டதும் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, கோவலன் கூத்தோ?” என்றார்.