சூரியன் மறையாத ஊருக்குப் போகிறீர்களா? வட நார்வே கோடைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வே முழுக்கவே கோடையில் சூரியன் மறையாது என்று நம்பி ஆஸ்லோவுக்கு டிக்கெட் போடுவதுதான் முதல் தவறு. ஆஸ்லோவில் ஜூன் 21 அன்றுகூட இரவு பத்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்து, விடிகாலை நான்குக்குச் சற்று முன் உதித்துவிடும். இடையில் கும்மிருட்டு வராது, அவ்வளவுதான். மறையாத சூரியன் வேண்டுமென்றால் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வடக்கே போக வேண்டும். அங்கும் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. போடோவில் ஜூன் 4 முதல் ஜூலை 8 வரை, லோஃபோட்டன் தீவுகளின் ஸ்வோல்வேரில் மே 28 முதல் ஜூலை 14 வரை, ட்ரோம்சோவில் மே 20 முதல் ஜூலை 22 வரை, நார்ட்காப் முனையில் மே 14 முதல் ஜூலை 29 வரை. ஓரிரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். ஜூலை கடைசி வாரம் லோஃபோட்டனில் போய் இறங்கினால் நீண்ட அந்தி கிடைக்கும். நள்ளிரவுச் சூரியன் கிடைக்காது. வடதுருவ ஒளியையும் (அரோரா) இதே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். அதற்கு இருட்டு வேண்டும். ஆகஸ்ட் பிற்பகுதிக்கு முன் அந்தப் பேச்சே இல்லை.

சரியான தேதியில், சரியான ஊரில் இருந்தும் சூரியனைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. இரண்டு காரணங்கள். நள்ளிரவில் சூரியன் நிற்பது வடக்கே; அதுவும் மிகத் தாழ்வாக. ட்ரோம்சோவில் ஜூன் 21 அன்று அடிவானத்திலிருந்து மூன்று டிகிரி உயரம்தான். கையை நீட்டிப் பிடித்து இரண்டு விரல்களைப் படுக்கையாக வைத்தால் வரும் அகலம் அது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி நூறு மீட்டர் உயரக் குன்று ஒன்று வடக்கே இருந்தாலே சூரியனை ஏறக்குறைய மறைத்துவிடும். ஜூலை நடுவில் உயரம் ஒரு டிகிரி சொச்சத்துக்கு இறங்கிவிடுவதால் இன்னும் சின்ன மேடே போதும். படங்களில் பார்த்து மயங்கி எல்லோரும் அறை எடுக்கும் லோஃபோட்டனின் ரெய்னே கிராமத்துக்கு வடக்கே மலைச்சுவர். அங்கே உட்கார்ந்து காத்திருந்து பயனில்லை. வடக்கே திறந்த கடல் உள்ள எக்கும், உத்தக்லெய்வ், உன்ஸ்டாட் போன்ற வெளிக்கரைக்குப் போக வேண்டும். எங்கே போனாலும் பகலிலேயே கைபேசித் திசைகாட்டியை வைத்து, வடக்கே தடுப்பு இல்லையா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்த காரணம் கடிகாரம். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நார்வேயின் கோடைக் கடிகாரம் 30 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது; அங்கேதான் பன்னிரண்டு மணி வாக்கில் சூரியன் ஆகத் தாழும். ட்ரோம்சோ இருப்பதோ 19 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால், அங்கே சூரியன் ஆகத் தாழ்வாக இருப்பது 12.45-ஐ ஒட்டி. லோஃபோட்டனில் ஒரு மணி தாண்டிவிடும். நார்ட்காப்பில் 12.20 வாக்கில். பத்தரை முதல் இரண்டு மணி வரை பொன்னிற ஒளிதான், அவசரமே இல்லை. ஆனால் மேகம் நம் விருப்பத்தைக் கேட்காது. 307 மீட்டர் செங்குத்துப் பாறையான நார்ட்காப்பில் கடல்மூடுபனி சாதாரணம். ஒரே ஓர் இரவை மட்டும் அங்கே ஒதுக்குவது சூதாட்டம். மூன்று இரவாவது வடக்கில் எங்காவது கையில் இருக்கட்டும். அன்றைய மேகநிலையை நார்வே வானிலை நிறுவனத்தின் ‘இர்’ செயலியில் பார்த்து இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

வெளிச்சத்தில் தேதியும் குழம்பும். 12-ஆம் தேதி 00.30 மணி என்று சீட்டில் இருந்தால் அது 11-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நேரம். தெற்கு நோக்கிப் போகும் கடலோரக் கப்பல் ட்ரோம்சோவிலிருந்து கிளம்புவது நள்ளிரவு 1.30-க்கு. 12-ஆம் தேதி இரவுதானே என்று ஒரு நாள் கழித்து, பளிச்சென்ற வெளிச்சத்தில் பெட்டியோடு போய் நின்றால் கப்பல் முந்தைய இரவே போயிருக்கும். அறையை எந்தத் தேதி வரை எடுப்பது என்பதிலும் இதே குழப்பம் வரும்.

காரோட்டிகளுக்கு வருவோம். ஆபத்து இங்கேதான் அதிகம். ட்ரோம்சோவிலிருந்து நார்ட்காப் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வேக வரம்பு பெரும்பாலும் 80, ஊருக்குள் 50. நிறுத்தங்களோடு ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டாததால் ‘இன்னும் கொஞ்சம் போகலாமே’ என்று மனசு சொல்லும்; உடம்புக்கு அது இரவு இரண்டு மணி. மாலை ஏழு மணிக்கு மேல் நீண்ட ஓட்டம் வேண்டாம் என்று காலையிலேயே முடிவுசெய்துவிடுவது நல்லது. நள்ளிரவில் வடக்கு நோக்கி ஓட்டினால் தாழ்ந்த சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். காரின் முன்கண்ணாடியில் பூச்சிக் கறை இருந்தால் முன்னே ஒன்றும் தெரியாது, ஆகவே எரிபொருள் போடும்போதெல்லாம் அதைத் துடையுங்கள். கறுப்புக் கண்ணாடியைச் சுரங்கப்பாதை வாசலுக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வெயிலுக்கும் பூச்சிக்கும் ஒதுங்கும் கலைமான்கள் உள்ளே நிற்கும். முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும் என்பது சட்டம். மறையாத சூரியன் அதற்கு விலக்கல்ல.

தூக்கத்தை அலட்சியம் செய்பவர்கள் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள். கண்ணில் ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். விடுதிகளில் தடித்த திரை இருக்கும். மீனவர் குடில், முகாம் குடில்களில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஜன்னலை மறைக்க இரண்டு பெரிய கறுப்புக் குப்பைப் பை, சுவரில் பசை ஒட்டாத காகித டேப் ஒரு சுருள், கண்ணை அழுத்தாமல் குழிவாக இருக்கும் கண்மூடி ஆகியவற்றை எடுத்துப் போங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வதும் உதவும். கூடாரம் அடிப்பவர்கள் அதிகாலை வெயில் வடகிழக்கிலிருந்து வரும் என்பதை நினைவில் வைத்து, அந்தப் பக்கம் மேடு இருக்கும் இடமாகப் பாருங்கள். இல்லையென்றால் நான்கு மணிக்கே உள்ளே வெந்துபோகும். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மிகாமல் தங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டக் கூடாது. இரவு ஒரு மணிக்கு வெயில் அடித்தாலும் ஊர்க்காரர்கள் உறங்குகிறார்கள்; சத்தம் வேண்டாம்.

சாப்பாடு பாதி சமயம் வெளிச்சத்தால்தான் தவறிப்போகிறது. பசி தெரிந்து மணி பார்த்தால் பத்தாகியிருக்கும். சிற்றூர்களில் உணவகச் சமையலறை அதற்குள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சனிக்கிழமையே வாங்கி வைக்காவிட்டால் ரொட்டியும் சிப்ஸும்தான்.

மலையேற்றத்தை இரவு ஒன்பதுக்குத் தொடங்குவது தப்பில்லை. துணையில்லாமல், எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் தொடங்குவதுதான் தப்பு. ரெய்னே கிராமத்தை ஒட்டிய ரெய்னேபிரிங்கன் மலை ஏறத்தாழ 450 மீட்டர் உயரம்; நேபாளத்து ஷெர்பாக்கள் அடுக்கிய கல்படி மழையில் வழுக்கும். உச்சியில் காற்று கடிக்கும். ஜூலையிலும் இரவு வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம், ஆகவே கம்பளி உள்ளாடை, காற்றுத்தடுப்பு மேலாடை, கையுறை கட்டாயம். நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் உள்நாட்டுப் பக்கம் போனால் கொசு மொய்க்கும். டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சு இல்லாமல் போகாதீர்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 113, மலை மீட்புக்குக் காவல்துறை 112.

ஸ்வால்பார்டையும் சேர்த்துக்கொள்ள நினைக்கும் இந்தியப் பயணிகள் விசாவைக் கவனியுங்கள். அங்கே ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை சூரியன் மறையாது, ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்தத் தீவுக்கூட்டம் நார்வேக்குச் சொந்தமானாலும் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்குள்ள ஊரான லாங்யர்பியனுக்கு விமானம் ஏறினால் ஷெங்கனைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவோடு போனவர் ஆஸ்லோவுக்குத் திரும்ப முடியாது. விண்ணப்பிக்கும்போதே இருமுறை அல்லது பலமுறை நுழைவு கேட்டு, தீவுக்கான சீட்டையும் இணைத்துவிடுங்கள்.