மறைந்துபோன ஓர் அணியின் வரலாற்றை எழுதுவது எப்படி: பாட்ஸ்வில் மரூன்ஸை முன்வைத்து

அமெரிக்கக் கால்பந்து, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டம், தொழில்முறையாக வேரூன்றிய 1920களில் சிற்றூர் அணிகள் பல தோன்றி, ஓரிரு பருவங்கள் கொடிகட்டிப் பறந்து, பின்னர் இருந்த இடம் தெரியாமல் போயின. அவற்றில் ஒன்றைப் பற்றி எழுத முற்படுபவரின் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு மனக்குறைக் கதையாகவே இருக்கும். பென்சில்வேனியாவின் நிலக்கரி வட்டாரத்தைச் சேர்ந்த பாட்ஸ்வில் மரூன்ஸ் அணியைப் பொறுத்தவரை அது, 1925இல் களத்தில் வென்ற பட்டத்தை லீக் அலுவலகம் பறித்துக்கொண்டது என்ற கதை. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எழுத்தை அங்கிருந்து தொடங்கினால், அந்த அணி எப்படி எழுந்தது என்பதே விளங்காமல் போய்விடும்.

ஆகவே முதலில் 1925ஆம் ஆண்டின் நாட்காட்டியையும் பென்சில்வேனியாவின் வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்தின் தேதிக்கு அருகிலும் கிழமையைக் குறியுங்கள். நவம்பர் 14, சனிக்கிழமை: ஃபிலடெல்ஃபியாவின் ஒரு பகுதியான ஃபிராங்ஃபோர்டின் யெல்லோ ஜாக்கெட்ஸ் அணியிடம் 0–20 எனத் தோல்வி. மறுநாள் ஞாயிறு: ரோசெஸ்டருக்கு எதிராக 14–6 என வெற்றி. அடுத்தடுத்த நாட்களில் இரண்டு ஆட்டங்கள் வந்ததற்குக் காரணம் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டுப் போட்டிகளுக்குப் பென்சில்வேனியாவில் தடை இருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் அதை மீற முடியாததால் ஃபிராங்ஃபோர்டு தன் ஊர் ஆட்டங்களைச் சனிக்கிழமையில் வைத்தது. சுரங்க ஊர்களிலோ அந்தத் தடையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. தொலைவிலிருந்து வரும் அணிகள் சனிக்கிழமை ஃபிராங்ஃபோர்டிலும் ஞாயிற்றுக்கிழமை பாட்ஸ்வில்லின் மைனர்ஸ்வில் பார்க் மைதானத்திலும் ஆடி, ஒரே பயணச் செலவில் இரண்டு வாசல் வசூல்களைப் பார்க்க முடிந்தது. இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊருக்குத் தேசிய லீக்கில் இடம் கிடைத்ததில் ஆட்டத் திறமைக்கு எவ்வளவு பங்குண்டோ, இந்த ஏற்பாட்டுக்கும் ஏறத்தாழ அவ்வளவு பங்குண்டு என்பது என் கணிப்பு. அந்த அணியை வாழவைத்த அண்டை ஊரே பின்னர் அதன் மீது புகார் கொடுத்தது என்பதையும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆட்களையும் பணத்தையும் கவனியுங்கள். அணியின் உரிமையாளர் ஜான் ஸ்ட்ரீகல் ஓர் அறுவை மருத்துவர். 1924இல் உள்ளூர் அந்தரசைட் லீக்கை வென்ற அணியை மறு ஆண்டே அவர் தேசியக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லுக்குள் கொண்டுவந்தார். பயிற்சியாளர் டிக் ராவ்ச். பந்தோடு முட்டிமோதி ஓடிய டோனி லட்டோன் சிறுவயதிலேயே சுரங்க வேலைக்குப் போனவர்; பந்தை உதைத்துப் புள்ளிகள் சேர்த்த சார்லி பெர்ரியோ கல்லூரிக் கால்பந்தில் பெயர் பெற்று வந்தவர். ஊர்க்காரர்களும் வெளியாட்களும் கலந்த இந்தச் சேர்க்கையைக் காட்டாமல், ‘சுரங்கத் தொழிலாளர் அணி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அது உண்மையில் பாதிதான். சீருடை வாங்கியபோது நிறம் எதுவானாலும் சரி என்று சொன்னதால் கருஞ்சிவப்புச் சட்டைகள் வந்துசேர்ந்தன, அதனால்தான் ‘மரூன்ஸ்’ என்ற பெயர் என்பது போன்ற சுவையான செய்திகளை விட வேண்டியதில்லை. ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற வால் மட்டும் ஒட்டியிருக்கட்டும்.

பிறகு அந்தக் காலத்து விதிகளைப் படித்துவிட்டுக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் இடறி விழும் இடம் இதுதான். 1925இல் லீக்கில் 20 அணிகள் இருந்தன; எல்லோருக்கும் பொதுவான ஆட்ட அட்டவணை கிடையாது; இறுதிப் போட்டியும் கிடையாது. சமநிலை ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு வெற்றி விகிதத்தைப் பார்ப்பார்கள். டிசம்பர் 6 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க்கில் பாட்ஸ்வில் அணி, பட்டத்துக்குப் போட்டியிட்ட சிகாகோ கார்டினல்ஸ் அணியை 21–7 என வென்றது. அன்று மாலை பாட்ஸ்வில் 10 வெற்றி, 2 தோல்வி, விகிதம் .833. கார்டினல்ஸ் 9 வெற்றி, 2 தோல்வி, 1 சமநிலை, விகிதம் .818. பத்திரிகைகள் பாட்ஸ்வில்லையே சாம்பியன் என்று எழுதியதில் வியப்பில்லை. ஆனால் பருவம் அத்துடன் முடியவில்லை. கார்டினல்ஸ் அவசரமாக மேலும் இரண்டு ஆட்டங்களுக்கு ஏற்பாடு செய்து, மில்வாக்கியை 59–0 என்றும் ஹாமண்டை 13–0 என்றும் வென்று, 11–2–1 என்ற நிலையை எட்டியது, விகிதம் .846. மில்வாக்கி அணியில் சிகாகோவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வர் ஆடியது தெரியவந்து அபராதங்கள் விதிக்கப்பட்டபோதும், அந்த வெற்றி பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை. இந்த எண்களை அப்படியே உங்கள் கட்டுரையில் வைத்தால், உரத்த வாதம் எதுவும் தேவைப்படாது.

சர்ச்சைக்குரிய நாளை விவரிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். டிசம்பர் 12 அன்று பாட்ஸ்வில் அணி ஃபிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க்கில், ‘நான்கு குதிரைவீரர்கள்’ எனப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைக் கொண்ட நோட்டர் டேம் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் அணியைச் சந்தித்தது. லட்டோன் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசென்று ஆறு புள்ளி தரும் டச்டவுன் அடித்தும், அதையடுத்து உதைத்துப் பெறும் கூடுதல் புள்ளி தவறிப்போனதால் 6–7 எனப் பின்தங்கியிருந்த அணியை, கடைசிக் கட்டத்தில் பெர்ரி உதைத்த, மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோல் 9–7 எனக் கரையேற்றியது. கல்லூரி ஆட்டமே உயர்ந்தது என்று பலரும் எண்ணிய காலத்தில் இது பெரிய செய்தி. ஆனால் லீக்கின் கணக்கில் ஃபிலடெல்ஃபியா நகரம் ஃபிராங்ஃபோர்டு அணிக்கு உரிய ஆட்ட எல்லை. அதே நாளில் ஃபிராங்ஃபோர்டுக்குச் சொந்த ஊரில் ஆட்டமும் இருந்தது. ஆட வேண்டாம் என்று எச்சரித்திருந்த லீக் தலைவர் ஜோ கார் அணியை இடைநீக்கம் செய்து, 500 டாலர் அபராதமும் விதித்தார். லீக் அலுவலகம் தொலைபேசியில் இசைவு தந்தது என்பது ஸ்ட்ரீகலின் வாதம். இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். எச்சரிக்கையை மறைத்து அநீதியை மட்டும் பேசும் கட்டுரைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

வீழ்ச்சியை அந்த ஒரு நாளின் தலையில் கட்டிவிடாதீர்கள். 1926இல் அணி லீக்குக்குத் திரும்பி 10 வெற்றி, 2 தோல்வி, 2 சமநிலை என நன்றாகவே ஆடியது. ஆனால் அந்த ஆண்டு 22ஆக இருந்த அணிகளின் எண்ணிக்கை 1927இல் 12ஆகக் குறைந்தது. லீக் பெருநகரங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பாட்ஸ்வில் 1927இல் 5–8, 1928இல் 2–8 எனச் சரிந்தது. அந்த 1928ஆம் ஆண்டு அணியில் பீட் ஹென்றி, ஜானி பிளட், வால்ட் கீஸ்லிங் என, பின்னாளில் கேன்டன் நகரில் உள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற மூவர் இருந்தார்கள் என்பதை நான் முதலில் நம்பவில்லை. 1929இல் அணி பாஸ்டனுக்குப் பெயர்ந்து, புல்டாக்ஸ் என்ற பெயரில் ஒரே பருவம் ஆடிக் கலைந்தது. 1925 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு பிப்ரவரி வரை நீண்ட நிலக்கரி வேலைநிறுத்தத்தையும் பின்னணியில் சொல்லுங்கள். ஆனால் அணியின் கணக்குப் புத்தகம் கையில் இல்லாமல் அதையே காரணமாக்க வேண்டாம்.

இறுதியில் சாம்பியன் பட்டியலில் யார் பெயரை எழுதுவது என்ற கேள்வி வரும். 1963இல் லீக்கின் சிறப்புக் குழு 12–2 என்ற வாக்கில் பாட்ஸ்வில்லின் கோரிக்கையை மறுத்தது. 2003இல் விவகாரத்தை மீண்டும் எடுக்கலாமா என்ற கேள்விக்கு 30–2 என எதிர்ப்பே மிஞ்சியது. ஆதரித்தவை பென்சில்வேனியாவின் ஈகிள்ஸ், ஸ்டீலர்ஸ் அணிகள் மட்டுமே. எனவே பட்டியலில் ‘கார்டினல்ஸ்’ என்றே எழுதி, அதன் கீழே இப்படி ஓர் அடிக்குறிப்பு இடுங்கள்: ‘டிசம்பர் 6 ஆட்டத்தில் பாட்ஸ்வில்லிடம் தோற்ற அணி, அதன் அன்றைய உரிமையாளர் கிறிஸ் ஓபிரையன் இந்தப் பட்டத்தை அப்போது ஏற்க மறுத்தார்.’