நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் மன்னிப்புப் பத்திரம் எழுதும் முறை

1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், ஆறு மாதம் வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), 2,000 ரூபாய் வரை அபராதம் என்று 12ஆவது பிரிவில் தண்டனையைச் சொன்ன கையோடு, நீதிமன்றம் மனநிறைவு கொள்ளும்படி மன்னிப்புக் கோருபவரை விடுவிக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த மனநிறைவைப் பெறுவதுதான் கடினம்.

ஓர் உத்தரவை நிறைவேற்றாததே குற்றச்சாட்டு என்றால், முதலில் அதை நிறைவேற்றிவிட்டு, நிறைவேற்றிய நாளையும் விவரத்தையும் பிரமாணப் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும். பேச்சோ எழுத்தோ குற்றச்சாட்டுக்குக் காரணம் என்றால், எதிர்த்து வாதாடுவதா, மன்னிப்புக் கோருவதா என்பதை வழக்கறிஞருடன் கலந்து தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். சொன்னது உண்மை, பொதுநலன் கருதியே சொன்னேன் என்று வாதிட 2006ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஆனால் செய்தது சரி என்ற வாதமும் மன்னிப்பும் ஒரே பத்திரத்தில் சேர்ந்து நிற்க முடியாது என்பதை, நாக்பூர் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த எம்.ஒய். ஷரீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954இலேயே தெளிவாக்கிவிட்டது.

சொற்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று தொடங்கும் வாக்கியம் பழியைப் புண்பட்டவர் மீதே போடுகிறது. நிபந்தனையோடு கூடியது என்பதற்காக மட்டும், நல்லெண்ணத்துடன் கோரிய மன்னிப்பை நிராகரிக்கக் கூடாது என்று சட்டத்தின் விளக்கவுரை சொல்வது உண்மைதான். அதை நம்பி வரைவை எழுதுவது விவேகமன்று. 2019இல் ரபேல் தீர்ப்பைப் பற்றிய பேச்சுக்காக முதலில் வருத்தம் மட்டும் தெரிவித்த ராகுல் காந்தி, பின்னர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரிப் புதிய பத்திரம் தாக்கல் செய்ய நேர்ந்தது. ஆகவே என்ன செய்தேன், அது ஏன் தவறு, இனி அவ்வாறு செய்யமாட்டேன் என்ற மூன்றையும் 'நான்' என்று தன்மையிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

தவறு ஊரறிய நடந்திருந்தால் மன்னிப்பும் ஊரறிய வேண்டும். நாளிதழில் வெளியிட்ட மன்னிப்பு, வழக்கமான விளம்பரங்களின் அளவில் இருந்ததா என்று 2024இல் பதஞ்சலி நிறுவனத்தின் தவறான விளம்பரங்கள் பற்றிய வழக்கில் நீதிபதிகள் கேட்டார்கள்.

தவறே செய்யவில்லை என்று உறுதியாக நம்புபவர் இந்தப் பத்திரத்தை எழுதாமலிருப்பதே நேர்மை. 2020இல் மன்னிப்புக் கோர மறுத்த வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த அபராதம் ஒரு ரூபாய். கட்டத் தவறினால் மூன்று மாதச் சிறையும், மூன்றாண்டுகள் வழக்காடத் தடையும் என்றது. அவர் அந்த ஒரு ரூபாயைக் கட்டினார்.