செக்குபந்தியில் ஓர் இட்டேரி

சேலம் மரவனேரியில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்ட்டின் வயதைக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. கீழ்வீட்டு அத்தை "எண்பத்திரெண்டாம் வருசம்" என்பார். இஸ்திரிக்கார அண்ணன், "அதுக்கு முன்னாடி மாந்தோப்புங்க" என்பார். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உடனே நம்பிவிட வேண்டாம்.

உங்கள் கட்டடமும் மனையும் எவ்வளவு பழையவை என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். முதலில் உங்கள் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரம். பழைய அபார்ட்மெண்ட் பத்திரம் என்றால் அதில் பெரும்பாலும் மனையின் பிரிக்கப்படாத பாகம்தான் இருக்கும். கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம். ஆகவே பத்திரத் தேதி கட்டடத்தின் பிறந்தநாள் ஆகாது. சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

நான் கோட்டை விட்டது இங்கேதான். நகர சர்வே எண்ணை மட்டும் போட்டேன், ஒன்றுமே இல்லை என்று வந்தது. நகர சர்வேக்கு முந்தைய பழைய புல எண்ணையும் உட்பிரிவையும் தேடிப் பிடித்துப் போட்ட பிறகுதான் பத்திரங்கள் வரிசையாக வந்தன. வாய்மொழியாகப் பாகம் பிரித்ததும் பதிவு செய்யாத உயிலும் வில்லங்கத்தில் வராது. நடுவில் ஒரு தலைமுறை காணாமல் போனால் பயப்படாதீர்கள்.

அப்புறம் தாய்ப்பத்திரத்தின், அதாவது மனையின் பழைய மூலப் பத்திரத்தின், நகலை வாங்கி, நேராக நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்திக்குப் போங்கள். எனக்குப் பிடித்த இடமே அதுதான். எங்களுடையதில் தெற்கே இட்டேரி (காடுகளுக்கு நடுவே போகும் வேலியோர வண்டித்தடம்), கிழக்கே பொதுக்கிணறு. காலையில் பள்ளி வேன்கள் முட்டிக்கொண்டு நிற்கிற தெருதான் அந்த இட்டேரி! மரக்கணக்கில் புளி இரண்டு, வேம்பு ஒன்று, மாமரமே இல்லை. இஸ்திரிக்கார அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

நகலில் தேதி அழிந்திருந்தால் வேறு தடயம் பாருங்கள். தொகை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. தமிழ் வருடப் பெயரும் கைகொடுக்கும். எங்களுடையதில் 'விய' மட்டும் தெரிந்தது. அறுபது வருடச் சுற்றில் அது 1886 அல்லது 1946. செக்குபந்தியில் எலக்ட்ரிக் கம்பம் வந்ததால் 1946 என்று முடிவு செய்தேன்.

கட்டடத்தின் வயதுக்குப் பழைய சொத்துவரி ரசீதுதான் நல்ல சாட்சி. சேலம் மாநகராட்சி ஆனது 1994இல். அதற்கு முந்தைய ரசீதில் நகராட்சி என்றிருக்கும். சங்கச் செயலாளரின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த முதல் ரசீது 1984-85 முதல் அரையாண்டு. அத்தையிடம் காட்டினேன்.

"பூமி பூஜை எண்பத்திரெண்டுல கண்ணு. சுண்டல் குடுத்ததே நான்தான்."