மொழி தெரியாத அயல்நாட்டு நகரத்துக்குத் திடீரெனக் காரில் கிளம்புவது எப்படி?

நினைத்த மாத்திரத்தில் காரை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி, ஒரு சொல்கூடப் புரியாத நகரத்துக்குப் போய்வருவது பலர் அஞ்சுகிற அளவுக்குக் கடினமானதன்று. கிளம்புவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பேச்சு தேவைப்படும் வேலைகளை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிட்டால், எல்லைக்கு அப்பால் எண்களையும் வடிவங்களையும் வைத்தே பெரும்பாலான காரியங்களைச் சமாளித்துவிடலாம். இங்கே சொல்லப்படுபவற்றில் பல ஐரோப்பியச் சாலைகளைச் சார்ந்தவை. சில மணி நேர ஓட்டத்தில் நாடும் மொழியும் மாறிவிடுவது அங்கேதான் மிகுதி.

அவசரப் பயணம் பெரும்பாலும் ஆவணங்களில்தான் முட்டி நிற்கும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் உரிமத்தைப் பல மொழிகளில் எடுத்துச் சொல்லும் சிறு புத்தகமே. அசல் உரிமம் உடன் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. அதிலும் 1949 ஜெனீவா உடன்படிக்கை, 1968 வியன்னா உடன்படிக்கை என்று முக்கியமான இரு மாதிரிகள் உள்ளன. ஜப்பான் 1949 மாதிரியை மட்டுமே ஏற்கும். சீனப் பெருநிலத்தில் இரண்டுமே செல்லாது. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்டுவதற்கான அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடு எந்தெந்த நாடுகளில் செல்லும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய விசாவில் தங்கியிருப்பவர், ஓரிரவுக்கு வெளியே போனாலும் திரும்பி வர முடியாமல் போகலாம்.

அடுத்து கைபேசி. வரைபடத்தையும் மொழிபெயர்ப்புச் செயலியின் மொழித் தொகுப்பையும் இணையம் இல்லாமலும் இயங்கும்படி முன்கூட்டியே பதிவிறக்கிவிடுங்கள். போகும் ஊரின் பெயரை, வழியிலுள்ள ஒவ்வொரு மொழியிலும் எப்படி எழுதுவார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வதும் முக்கியம். பிரான்ஸின் லீல் நகரத்தை நோக்கிப் பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதி வழியாக ஓட்டுபவர், வழிகாட்டிப் பலகையில் ‘ரெய்சல்’ (Rijsel) என்ற பெயரைக் காணக்கூடும். இதை அறியாதவர் சரியான திருப்பத்தையே விட்டுவிட்டுப் போய்விடுவார். ஊர்ப் பெயரைவிடச் சாலை எண்ணை நம்புவது மேல். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் பச்சைப் பலகையில் ‘இ’ (E) என்ற எழுத்தோடு வரும் எண், எல்லை கடந்தாலும் மாறாது.

எரிபொருள் நிரப்பும் இடத்தில் சற்று நிதானம் வேண்டும். குழாய்க் கைப்பிடியின் நிறத்தை ஒருபோதும் நம்பாதீர்கள். ஐரோப்பாவில் பெட்ரோலுக்குப் பெரும்பாலும் வருகிற அதே பச்சை, அமெரிக்காவில் பல நிலையங்களில் டீசலைக் குறிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் முதல் பொதுவான முத்திரைகள் வந்துவிட்டன. வட்டத்துக்குள் ‘இ5’ (E5) அல்லது ‘இ10’ (E10) என்றிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் ‘பி7’ (B7) என்றிருந்தால் டீசல், சாய்சதுரம் என்றால் எரிவாயு. அதற்குப் பின் வந்த புதிய கார்களில் எரிபொருள் மூடியின் அருகிலும் இதே முத்திரை இருக்கும். அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, குழாயில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிரப்புங்கள். தப்பித் தவறி மாற்றி நிரப்பிவிட்டால், சாவியைத் தொடாமல் காரைத் தள்ளி ஓரங்கட்டச் செய்வதே எஞ்சினைக் காப்பாற்றும்.

சாலைக் குறியீடுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு வளையம் தடை என்பது பெரும்பாலான நாடுகளில் பொது. சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதுதான் ஆபத்து. தாய்லாந்தில் இடப்புறம் ஓட்டியவர், மேகோங் ஆற்றைக் கடந்து லாவோஸுக்குள் நுழைந்ததும் வலப்புறம் மாற வேண்டும். நெரிசலில் மற்ற வண்டிகளே வழிகாட்டிவிடும்; எரிபொருள் நிலையத்திலிருந்து வெறிச்சோடிய சாலைக்குத் திரும்பும் கணத்தில்தான் கை பழைய பக்கத்துக்கே போகும்.

நகரத்துக்குள் காரோடு நுழைவதை நான் பரிந்துரைப்பதில்லை. இத்தாலிய நகரங்கள் பலவற்றின் பழைய மையப்பகுதிகளில் அனுமதியில்லாத வண்டியின் எண்ணைக் கேமரா படித்துவிடும். அபராதச் சீட்டு சில மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். புறநகரில் ‘பி+ஆர்’ (P+R) என்ற பலகை உள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டு, டிராமிலோ ரயிலிலோ போவது பணத்துக்கும் மனத்துக்கும் நல்லது. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி போன்ற நாடுகளின் நெடுஞ்சாலைக் கட்டணத்தை எல்லையை அடையும் முன்பே இணையத்தில் கட்டிவிடலாம்.

விடுதி வரவேற்பு மேசையில் தேதியை வாயால் சொல்லாமல், எண்ணாகவும் எழுதாமல், கைபேசி நாட்காட்டியைக் காட்டுங்கள். 5/6 என்பது சிலருக்கு ஜூன் 5, வேறு சிலருக்கு மே 6. மொழிபெயர்ப்புச் செயலிக்குத் தமிழில் எழுதும்போது எழுவாயை விட்டுவிடாதீர்கள். ‘நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னார்’ என்றால் யார், எதை என்று செயலி தானாகவே ஊகித்துக்கொள்ளும். கிடைத்த மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டே எதிரில் இருப்பவரிடம் நீட்டுங்கள். வழி கேட்கும்போது ‘இதுதானே?’ என்று கேட்டால், புரியாதவர்கூட மரியாதைக்குத் தலையசைத்துவிடுவார்; வரைபடத்தைக் காட்டி, அவரையே கைநீட்ட வையுங்கள்.

விபத்து நேர்ந்து யாருக்காவது காயம் என்றால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் 112-ஐ அழைக்கலாம். சிறு மோதலுக்கு ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் உள்ளது. எந்த மொழியில் அச்சிட்டாலும் அதன் கட்டங்களும் எண்களும் ஒன்றே என்பதால், உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு பிரதியை முன்னரே எடுத்து வைத்திருந்தால், எதிர்த் தரப்பினர் நீட்டும் படிவத்தின் அருகில் அதை வைத்து எண்ணுக்கு எண் பார்த்து நிரப்பலாம். 12-ஆம் கட்டத்தில் விபத்து நடந்த விதத்தைக் குறிக்கும் 17 வரிகளில் பொருந்துபவற்றுக்கு எதிரே மட்டும் அடையாளமிட வேண்டும். 13-ஆம் கட்டம் விபத்தைப் படமாக வரைந்து காட்டுவதற்கு. எதிர்த் தரப்பினர் சொல்வதோடு உடன்பாடு இல்லையென்றால், அதை 14-ஆம் கட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த மொழியிலேயே எழுதிவிட்டு, அதன் பிறகே 15-இல் கையெழுத்திடுங்கள்.